பச்சை பெயின்ற் அடித்த சீடர் பெட்டகம்: வயதும் விலையும்

திருகோணமலை உவர்மலையில் அப்பப்பாவின் வீட்டை விற்கிறீர்கள். சாமான்களைப் பிரித்ததில் உங்கள் பங்குக்கு ஒரு பெரிய பெட்டகம் வந்திருக்கிறது. வெளியே கடல்பச்சை பெயின்ற், உள்ளே சிவந்த மரம், மூடியைத் தூக்கினால் பென்சில் சீவியதுபோல ஒரு மணம். அப்பப்பா கடற்படை டொக்யார்டில் வேலை செய்தவர், வீட்டில் அதற்குப் பெயரே 'சீடர் பெட்டி'தான். லொறியோடு வந்த வியாபாரி 25,000 ரூபா தருகிறேன் என்றாராம். பக்கத்து வீட்டுக்காரர், வெள்ளைக்காரன் காலத்துச் சாமான், மூன்று இலட்சத்துக்குக் கீழே கொடுக்காதே என்கிறாராம். பெயின்றைச் சுரண்டிப் பொலிஷ் போட்டு விற்கலாமா, இது எந்தக் காலத்தது, என்ன விலை கேட்கலாம் என்பதுதானே தம்பி உங்கள் கேள்வி? அனுப்பிய ஐந்து படங்களையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சுரண்டுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். கத்தியும் வேண்டாம், சாண்ட் பேப்பரும் வேண்டாம். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு 22 வயதில் நடந்த ஒன்று. பழைய சாமான் திருத்தும் பட்டறை ஒன்றில் அப்போது வேலை பழகிக்கொண்டிருந்தேன். மூதூர்ப் பக்கமிருந்து ஒரு பெட்டகம் வந்தது, பச்சை எனாமல் அடித்தது. முதலாளி, கோஸ்டிக் சோடா கரைத்து ஊற்றிக் கழுவு என்றார். ஊற்றினேன். பச்சை வழிந்தது, அதற்குக் கீழே இருந்த மண்ணிறமும் வழிந்தது. மூன்றாவது வாளித் தண்ணீரில் சிவப்பும் மஞ்சளும் கலந்து ஓடியபோதுதான் நிறுத்தினேன். மூடியின் ஒரு மூலையில் ஒரு தாமரை இதழும் பாதிக் கொடியும் மிச்சமிருந்தன. சாமானுக்குச் சொந்தக்கார அம்மா வந்து அந்த மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது என்ர அம்மாட கலியாணத்துக்கு வரைஞ்சது, நான் சின்னனில பார்த்திருக்கிறன்" என்றார். அவர் என்னை ஏசவில்லை. காசை எண்ணித் தந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு, பெயின்றுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு பெட்டியிலும் நான் சோடா ஊற்றியதில்லை.

உங்கள் பெட்டியின் அடியில் தாமரை இருக்கும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் இருக்காது. ஆனால் பெயின்றும் ஒரு சாட்சி. அது போய்விட்டால் பெட்டியின் வயதைச் சொல்வதற்கான ஆதாரத்தில் பாதி போய்விடும்.

சரி, மரத்துக்கு வருவோம். 'சீடர்' என்ற ஒரு பெயருக்குள் நாலைந்து மரங்கள் ஒளிந்திருக்கின்றன. உண்மையான சீடர் என்றால் லெபனான் மரமும், அதன் உறவான இமயமலைத் தேவதாருவும். பென்சில் மணம் தருவது வேறு மரம். அது அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் சிவப்பு சீடர், ஜூனிப்பர் குடும்பம். பென்சில் செய்ததும் அந்த மரத்தில்தான், அதனால்தான் அந்த மணம் நமக்குப் பள்ளிக்கூடத்தை ஞாபகப்படுத்துகிறது. கிழக்கு ஆபிரிக்க மலைகளிலும் இதற்கு ஒரு சகோதர மரம் உண்டு, அதிலும் பென்சில் செய்தார்கள். பிறகு நம் பக்கத்தில் சந்தனவேம்பு. அதையும் வெள்ளைக்காரர் சிவப்பு சீடர் என்றே எழுதினார்கள், ஆனால் அது வேம்பு, மலைவேம்புக் குடும்பத்து மரம், மணமும் மெல்லியது. கடைசியாக, திருகோணமலையில் 'சீடர் பெட்டி' என்ற பெயரில் என் கைக்கு வந்தவற்றில் கூடுதலானவை உண்மையில் கற்பூரமரப் பெட்டிகள். ஹொங்கொங், சிங்கப்பூர் பக்கம் போய்வந்த கப்பற்காரர்கள் கொண்டுவந்தவை. துணியைப் பூச்சியிடமிருந்து காக்கும், மணக்கும் என்பதால் எல்லாமே 'சீடர்' ஆகிவிட்டன.

பிரித்தறிவது கஷ்டமில்லை. பெட்டியை இரண்டு நாள் பூட்டி வைத்துவிட்டுத் திறந்து உடனே முகத்தை உள்ளே கொண்டுபோங்கள். மூக்கு குளிர்ந்து, தைலம் தடவியதுபோல இருந்தால் கற்பூரமரம். காய்ந்த, இனிப்பான பென்சில் மணம் என்றால் ஜூனிப்பர் வகைச் சீடர். மணம் மங்கியிருந்தால் உள்பலகையில் ஈரவிரலால் தேய்த்து முகருங்கள். பிறகு பலகையின் அகலத்தைப் பாருங்கள். கற்பூரமரம் பெரிய மரம், ஓரடிக்கு மேல் அகலமான ஒற்றைப் பலகை கிடைக்கும். சிவப்பு சீடர் பெரும்பாலும் சிறிய மரம், கணுக்கள் அதிகம், அதனால் மூன்று, நாலு அங்குலப் பலகைகளை ஒட்டித்தான் அகலம் ஆக்குவார்கள். உங்கள் மூன்றாவது படத்தில் உள்பக்கம் ஊதாச் சாயல் கலந்த சிவப்பு, இடையிடையே வெண்ணெய் நிறப் பட்டைகள், பலகைக்கு இரண்டு மூன்று சின்னக் கணுக்கள், பலகை அகலம் நாலு அங்குலத்துக்கு மேல் இல்லை. உங்கள் வீட்டார் சொன்ன பெயர் சரிதான். இது பென்சில் சீடர். மூடியின் ஓரத்தில் பெயின்ற் உதிர்ந்த இடத்திலும் அதே சிவப்பு தெரிவதால், உள்ளே மட்டும் மெல்லிய சீடர் பலகை அடித்த பெட்டி இல்லை, பக்கப் பலகையும் மூடியும் அதே மரம்.

சீடர் பெட்டி என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது அமெரிக்காவின் லேன் பெட்டிகள். வேர்ஜீனியா மாநிலத்து அல்ரவிஸ்ராவில் 1912இல் தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய பெட்டியின் அடிப்பலகையில் ஒரு எண் அடித்திருக்கும், அதைப் பின்னாலிருந்து முன்னால் வாசித்தால் செய்த தேதி வரும். 054210 என்று இருந்தால் திருப்பினால் 012450, அதாவது 1950 ஜனவரி 24. இவ்வளவு சுலபமாக வயது சொல்லும் தளபாடம் வேறு இல்லை. ஆனால் உங்களுடையது லேன் இல்லை. தொழிற்சாலைப் பெட்டியில் மூலைப் பொருத்துகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். உங்கள் இரண்டாவது படத்தில், விசிறிபோல விரிந்த பற்கள் ஒன்றையொன்று கவ்வும் அந்த மூலையைப் பாருங்கள். மேலே முதல் பல் ஒடுக்கம், அடுத்தது அகலம், நடுவில் ஒன்று சற்றுச் சரிந்திருக்கிறது. ஒவ்வொரு பல்லின் அடியிலும் மயிரளவு கோடு, உளிக்கு வழி காட்ட ஓடாவி கீறிய கோடு. இது கையால் செய்த பெட்டி. செய்தவர் அவசரப்படாத, தொழில் தெரிந்த மனிதர்.

கைவேலை என்றவுடனே நூற்றைம்பது வருஷம் என்று குதித்துவிடாதீர்கள். அமெரிக்க, ஆங்கிலப் புத்தகங்களை வைத்துக்கொண்டு நம் ஊர்ச் சாமானுக்கு வயது சொல்கிறவர்கள் வழக்கமாகத் தவறுவது இங்கேதான். அங்கே 19ஆம் நூற்றாண்டின் முடிவில் கைப்பொருத்து அருகிவிட்டது. இங்கே இன்றைக்கும் கையால் அந்தப் பொருத்தைப் போடும் ஓடாவிமார் இருக்கிறார்கள். வாள் அடையாளமும் அப்படித்தான். வட்டவாள் ஓடிய பலகையில் வில்போல வளைந்த கீறல்கள் இருக்கும், கைவாள் என்றால் நேர்க்கீறல். ஆனால் ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று இழுத்த பெருவாள் நம் காடுகளில் மரக்காலை இயந்திரங்கள் வந்த பிறகும் வெகுகாலம் ஓடியது. நேர்க்கீறலை வைத்து இங்கே ஒன்றும் தீர்மானிக்க முடியாது.

துருவும் நம்மை ஏமாற்றும். கண்டி வீட்டில் அறுபது வருஷம் இருந்த பிணைச்சலில் இல்லாத துரு, திருக்கடலூரில் கடலைப் பார்த்த வீட்டில் பத்து வருஷத்தில் ஏறிவிடும். உப்புக்காற்று. 'இரும்பு எப்படித் தின்னுப்பட்டிருக்கு பாருங்கோ, ஒல்லாந்தர் காலம்' என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்பாதீர்கள்.

நம்பக்கூடியது ஆணியும் ஸ்குரூவும். கொல்லன் அடித்த ஆணிக்கு நாலு பக்கமும் ஒடுங்கும், தலை கோணலாக இருக்கும். அதற்குப் பிறகு தகட்டிலிருந்து வெட்டிய சதுர ஆணி. 1890களுக்குப் பிறகு உருண்டைக் கம்பி ஆணி எங்கும் பரவியது. ஸ்குரூ ஆணிக்கு 1840கள் ஓர் எல்லை. அதற்கு முந்தியவற்றின் நுனி மொட்டை, பிந்தியவற்றுக்குக் கூர். தலையில் சிலுவைபோல வெட்டிய ஸ்குரூ 1930களில் அமெரிக்காவில் வந்தது, நம் ஊரில் புழக்கத்துக்கு வந்தது உலகப்போருக்குப் பிறகு. உங்கள் பெட்டியின் அடிப்பலகையில் இருப்பது உருண்டைக் கம்பி ஆணி. பிணைச்சலில் ஒற்றை வெட்டு ஸ்குரூக்கள். நாலாவது படத்தில் வலப்பக்கப் பிணைச்சலில் ஒன்று மட்டும் சிலுவைத் தலை, அது பிறகு யாரோ மாற்றியது. ஒரு ஸ்குரூவை வைத்து முழுப் பெட்டியின் வயதைச் சொல்லக் கூடாது. அதேபோல, ஒரு பழைய ஆணியை வைத்து வயதைக் கூட்டவும் கூடாது.

இந்த ஆதாரங்கள் எல்லாம் சொல்வது 'இந்தக் காலத்துக்கு முந்தி இருக்க முடியாது' என்ற ஒரு எல்லையைத்தான். கம்பி ஆணி ஆதியிலிருந்தே இருந்தால் பெட்டி 1890க்கு முந்தியது இல்லை. ஆதியிலிருந்தே இருந்ததா என்பதை ஆணியைச் சுற்றியுள்ள மரம் சொல்லும். பழைய ஓட்டை அடைத்த தடயம் இல்லை, ஆணியைச் சுற்றிக் கறுத்த வளையம் ஒன்றேயொன்று. அப்படியானால் அது முதல் ஆணி.

உங்கள் ஐந்தாவது படம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அடித்தட்டில் பழைய கடதாசி ஒட்டியிருக்கிறது, பாதி கரப்பான் தின்றது. அதில் 'வீரகே' வரை தெரிகிறது. வீரகேசரிப் பத்திரிகை 1930 ஓகஸ்டில்தான் தொடங்கியது. ஆகவே இந்தக் கடதாசி 1930க்கு முந்தி ஒட்டியிருக்க முடியாது. பழைய பெட்டிக்குப் புதுக் கடதாசி ஒட்டுவது வழக்கம், அதனால் பெட்டி அதற்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? கடதாசியின் ஓரம் உரிந்த இடத்தில் கீழே உள்ள மரம், மற்ற இடத்து மரத்தைவிட நல்ல வெளிர் நிறம். பெட்டி வெகுகாலம் திறந்து மூடிப் பாவித்த பிறகு கடதாசி ஒட்டியிருந்தால் அடிமரமும் கறுத்திருக்கும். ஆகவே செய்து சில வருஷங்களுக்குள்ளேயே ஒட்டியிருக்கிறார்கள். தயவுசெய்து அந்தக் கடதாசியைக் கிழிக்காதீர்கள். நனைத்து எடுக்கவும் வேண்டாம். ஒரு டோர்ச் லைற்றைப் பக்கவாட்டில் பிடித்து, பூதக்கண்ணாடியால் செய்தியை வாசியுங்கள். ஒரு தேதி, ஒரு போர்ச் செய்தி, ஒரு விளம்பர விலை, எது கிடைத்தாலும் அதுதான் உங்கள் பிறப்புச் சான்றிதழ். அச்சில் 'இலங்கை' என்று தமிழில் இருந்தால் காலம் தெரியாது, ஆங்கிலத்தில் ஏதாவது சீட்டு ஒட்டியிருந்து அதில் 'சிலோன்' என்று இருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தியது.

இப்போது பெயின்ற். முன்பக்கக் கீழ் மூலையில் உடைந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே கடல்பச்சை, அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே மரத்தோடு ஒட்டிக் கடுமண்ணிறம். அந்தக் கடுமண்ணிறம் பெயின்ற் இல்லை, சாயம் போட்ட பழைய வார்னிஷ் என்றே நினைக்கிறேன். ஆகவே பெட்டி பிறந்தபோது பெயின்ற் அடித்ததல்ல. இதை உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு பிணைச்சலை மட்டும், ஸ்குரூ தலை நசியாமல், மெதுவாகக் கழற்றுங்கள். பிணைச்சலுக்குக் கீழே பச்சை ஓடியிருந்தால் பச்சை அடித்துவிட்டுப் பிணைச்சலைப் பூட்டியிருக்கிறார்கள். மண்ணிற வார்னிஷ் மட்டும் சுத்தமாக, பிணைச்சலின் வடிவிலேயே தெரிந்தால் அதுதான் முதல் பூச்சு, மற்றவை பிறகு வந்தவை. இதைச் செய்ய ஐந்து நிமிஷம்தான் ஆகும், வாங்க வருகிறவருக்கும் அந்த இடத்தைக் காட்டலாம்.

இன்னொரு சோதனை. பஞ்சில் கொஞ்சம் மெதிலேட்டட் ஸ்பிரிட் தொட்டு, பின்பக்கம் மறைவான இடத்தில் அரை நிமிஷம் தேயுங்கள். பெயின்ற் இளகிப் பஞ்சில் வந்தால் அது இமல்ஷன், 1950களுக்குப் பிந்தியது. அசையாவிட்டால் எண்ணெய் எனாமல். எனாமல் என்றால் சுரண்டாதீர்கள் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. பழைய எனாமலில் ஈயம் இருக்கும். நம் நாட்டில் பெயின்றில் ஈயத்துக்கு அளவு விதித்த சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். காய்ந்த பெயின்றைத் தேய்த்தால் வரும் தூள் சின்னப் பிள்ளைகளுக்கு நஞ்சு. வீட்டுக்குள்ளே ஒருபோதும் தேய்க்க வேண்டாம்.

நடுவில் உள்ள சாம்பல் நிறத்தைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள், 'நேவி சாம்பல்' என்று. இருக்கலாம். கடற்படைச் சாம்பல் பெயின்ற் இந்த ஊரில் எத்தனையோ வீட்டு யன்னலிலும் கேற்றிலும் அடித்துக் கிடந்தது. ஆனால் சாம்பல் பெயின்ற் கடையிலும் விற்றது. நிறத்தை மட்டும் வைத்துக் கடற்படை என்று சொல்லி விற்க முடியாது. அதற்கு வேறு ஒரு அடையாளம் உண்டு. பிரித்தானிய அரசாங்கச் சொத்தில் ஒரு அம்புக்குறி குத்துவார்கள், ஒரு புள்ளியில் சேரும் மூன்று கோடு, கோழிக் கால்தடம்போல. மரத்தில் சூட்டுக்கோலாலும், பித்தளையில் உளியாலும் குத்தியிருக்கும். கைப்பிடிக்குக் கீழே, பூட்டின் தகட்டில், அடிப்பலகையின் வெளிப்பக்கத்தில் தேடுங்கள். பெயின்றுக்குக் கீழே இருந்தாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் பள்ளமாகத் தெரியும்.

அது கிடைத்தால் கதை ருசியாகிவிடும். 1942 ஏப்ரல் 9இல் யப்பானியர் திருகோணமலையில் குண்டு போட்ட பிறகு பிரித்தானியரின் கிழக்குக் கடற்படை கென்யாவின் மொம்பாசாவில் உள்ள கிலிண்டினித் துறைமுகத்தில் போய் நின்றது. பிறகு இலங்கைக்குத் திரும்பி வந்தது. நான் மேலே சொன்ன கிழக்கு ஆபிரிக்கப் பென்சில் சீடர் வளரும் நாடு அதுதான். அங்கிருந்து மரமாகவோ பெட்டியாகவோ வந்திருக்கலாமா என்று எனக்கும் மனம் துள்ளுகிறது. அமெரிக்கச் சீடரையும் ஆபிரிக்கச் சீடரையும் படத்தில் பிரித்துச் சொல்ல முடியாது, கண்ணாலேயே கஷ்டம். அதனால் விளம்பரத்தில் இந்தக் கதையை எழுதாதீர்கள். கேட்கிறவரிடம் 'இப்படியும் இருக்கலாம்' என்று வாயால் சொல்லலாம், அதற்கு மேல் போகக் கூடாது. விற்ற பிறகு நம் பெயர் ஊரில் இருக்க வேண்டும்.

ஆக, என் கணிப்பு இது. பெட்டி கையால் செய்தது, பென்சில் சீடர், 1930 ஒட்டியோ அதற்குச் சற்றுப் பிறகோ, 1957இல் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வருவதற்குள். நடுவில் ஒரு பத்து வருஷத்தைச் சொல்லச் சொன்னால் 1940கள். சாம்பல் ஒரு தடவை, பச்சை ஒரு தடவை, இரண்டும் பிறகு. விளம்பரத்தில் 'ஏறத்தாழ 80 வருஷம்' என்று எழுதலாம். 'அன்ரிக்' என்ற சொல்லை எழுதாதீர்கள், நூறு வருஷம் தாண்டியதைத்தான் வியாபாரத்தில் அப்படிச் சொல்வது.

விலைக்கு வருவோம். லொறிக்காரர் சொன்ன 25,000 உங்களைக் கோபப்படுத்தியிருக்கிறது. ஆனால் அந்த எண்ணை வாசிக்கத் தெரிய வேண்டும். பழைய சாமான் வியாபாரி, தான் விற்கலாம் என்று நினைக்கும் விலையில் மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரைதான் முதலில் சொல்வார். லொறி, கூலி, திருத்த வேலை, மாதக்கணக்கில் கடையில் கிடக்கும் காசு எல்லாம் அவருடையது. அப்படிப் பார்த்தால் 25,000 சொன்னவர் மனதில் 50,000க்கும் 75,000க்கும் இடையில் ஒரு எண் இருக்கிறது. அவர் உள்ளே மரத்தைப் பார்க்காமல், பச்சை பெயின்றை மட்டும் பார்த்துச் சொன்ன எண் அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் மூன்று இலட்சம் வேறு சாமானின் விலை. ஒல்லாந்தர் காலத்து வடிவில், கருங்காலியோ முதிரையோ கலந்து செய்து, பித்தளைப் பூட்டுத்தகடும் மூலைத்தகடும் ஆதியில் உள்ளபடியே நிற்கும் பெட்டகத்துக்கு அந்த விலை மட்டுமல்ல, மேலேயும் போகும். இணையத்தில் ஆட்கள் போடும் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். அது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. ஒரே பெட்டி ஆறு மாதமாக அதே விலையில் நின்றால் அந்த விலைக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். அமெரிக்காவில்கூட, அடையாளம் உள்ள சாதாரண லேன் பெட்டிகள் பெரும்பாலும் சில நூறு டொலருக்குள்தான் கைமாறுகின்றன, அங்கே அவை மலிந்து கிடப்பதால். இங்கே பென்சில் சீடர் அரிது, அது உங்களுக்குச் சாதகம்.

அடிமட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஊரில் நல்ல ஓடாவி ஒருவரிடம் அளவைக் கொடுத்து, மூன்றே முக்கால் அடி நீளம், இருபது அங்குல அகலமும் உயரமும், தேக்கில் இப்படி ஒரு பெட்டகம், மூலைகள் கையால் கவ்வ வைத்து, எவ்வளவு என்று கேளுங்கள். புதிதாகச் செய்ய அவர் சொல்லும் விலைதான் உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் போட்டி. நல்ல நிலையில் உள்ள பழையது அதைவிடக் குறையக் கூடாது. ஆனால் பெயின்ற் எடுக்கவும் பொலிஷ் போடவும் வாங்குகிறவருக்கு ஆகும் செலவை அதிலிருந்து கழிப்பார்கள். அவர் 90,000 சொல்லி, வேலைக்கு 20,000 ஆகும் என்றால், உங்கள் நியாயமான இடம் 70,000 பக்கம்.

என் கண்ணுக்கு, இந்தப் பெட்டியை இருக்கிறபடியே, வீட்டுப் பாவனைக்கு வாங்குகிறவரிடம் நேரே விற்றால் 75,000 முதல் 90,000 வரை வரும். 1,10,000 என்று போட்டுவிட்டு 75,000க்குக் கீழே இறங்காமல் நில்லுங்கள். மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது, வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றால், லொறிக்காரரிடம் மூடியைத் திறந்து மணத்தைக் காட்டி, பிணைச்சலுக்குக் கீழே உள்ள வார்னிஷைக் காட்டி, 45,000 கேளுங்கள். 40,000 தந்தால் அது நட்டமில்லை. அம்புக்குறி கிடைத்தால், அல்லது கடதாசியில் தேதி வாசிக்க முடிந்தால், அப்பப்பாவின் டொக்யார்ட் வேலைச் சீட்டோ படமோ இருந்து அதன் பிரதியையும் கொடுக்க முடிந்தால் கணக்கு மாறும். ஆதாரத்தோடு வரும் கதைக்குத்தான் காசு.

விலையைக் குறைப்பவை எவை? உளு. பெட்டிக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்து நாலு நாள் வையுங்கள், மா போன்ற தூள் விழுந்தால் உயிருள்ள பூச்சி இருக்கிறது. சீடரில் இது அரிது, ஆனால் அடிக்கட்டை வேறு மரமாக இருக்கலாம், உங்கள் பெட்டியின் கால்கட்டை எனக்கு வேம்புபோலத் தெரிகிறது. மூடியில் நடுவே ஓடும் வெடிப்பு பெரிய குறையல்ல, எண்பது வருஷம் சுருங்கிய மரம் அப்படித்தான் வெடிக்கும். அதைப் புட்டி போட்டு அடைக்காதீர்கள். உள்பக்கத்துக்கு வார்னிஷும் வேண்டவே வேண்டாம். மணம் வருவது மூடாத மரத்திலிருந்து, வார்னிஷ் அடித்தால் அது அடைபட்டுப்போகும். போதாததற்குச் சீடரின் எண்ணெய் வார்னிஷை இளக்கிப் பிசுபிசுக்க வைக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு வெயில் நாளில் நிழலில் திறந்து வையுங்கள், போதும்.

எங்கே விற்பது என்றால், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சிறிய விடுதி வைத்திருப்பவர்களை முதலில் கேளுங்கள். இவர்களுக்குப் பச்சை பெயின்ற் குறையல்ல, தேய்ந்த பெயின்றையே விரும்பிக் கேட்கிறார்கள். சீசன் தொடங்குவதற்கு முன், பெப்ரவரி மார்ச்சில்தான் அவர்கள் அறைகளைத் தயார்ப்படுத்துவார்கள், அந்த நேரம் பார்த்துப் போங்கள். கொழும்பு 260 கிலோமீற்றர் அளவு தூரம். ஒரு பெட்டிக்காக வாகனம் பிடித்தால் இலாபம் வழியிலேயே போய்விடும், வாங்குகிறவர் வந்து ஏற்றிப் போகட்டும்.

வெளிநாட்டுக்காரர் யாராவது வாங்கிக்கொண்டு போகப் பார்த்தால் ஒரு விஷயம். நம் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களைப் பற்றியது, உங்கள் பெட்டி அதற்குள் வராது. ஆனால் பண்பாட்டுச் சொத்துகளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதற்கு அனுமதி கேட்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. பழைய தளபாடத்தைக் கப்பலில் ஏற்ற முன் தொல்பொருள் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது வாங்குகிறவர் பொறுப்பு என்று பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

கடைசியாகப் பூட்டு. மூடி விழுந்தவுடன் தானாகப் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். லேன் பெட்டிகளில் அப்படிப் பூட்டுதான் இருந்தது. ஒளித்துப்பிடித்து விளையாடி உள்ளே ஏறிய பிள்ளைகள் மூச்சடைத்து இறந்தார்கள். 1912 முதல் 1987 வரை செய்த சுமார் ஒரு கோடி 20 இலட்சம் பெட்டிகளின் பூட்டை மாற்றித் தருவதாக 1996இல் அந்த நிறுவனம் அறிவிக்க வேண்டியதாயிற்று. உங்களுடையது திறப்புப் போட்டுப் பூட்டும் பழைய பித்தளைப் பூட்டுப்போலத்தான் படத்தில் தெரிகிறது, இருந்தாலும் கையால் சோதித்துப் பாருங்கள். தானாகப் பூட்டிக்கொண்டால் பூட்டின் நாக்கைக் கழற்றி ஒரு உறையில் போட்டு, பெட்டியோடு கொடுத்துவிடுங்கள். ஆதிப் பூட்டை எறிய வேண்டாம். இப்போது வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்றைக்கே செய்யுங்கள், விற்கும்வரை காத்திருக்காதீர்கள்.

பிணைச்சலுக்குக் கீழே, இரண்டு கைப்பிடிகளுக்கும் கீழே, அடிப்பலகையின் வெளிப்பக்கம், இந்த மூன்று இடத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி. கோழிக்கால் அம்பு எங்காவது தெரிந்தால் மேலே சொன்ன விலையை நானே திருத்தி எழுதுகிறேன்.